திருட்டு மடிப்பு

கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோதே ஒத்தாவியோவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. உள்ளே தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தது அவருடைய தோர்தெல்லினி!

மாவுச் சதுரத்தில் பூரணம் வைத்துச் சுண்டுவிரலில் சுற்றி இந்தக் குட்டிக் கொழுக்கட்டையை மடிப்பது இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால் இப்படி ஒரு பக்கம் சரிந்து, குடித்துவிட்டு வந்தவன் தொப்பி மாதிரி நிற்கும் மடிப்பு அவர் ஒருவர் கைக்குத்தான் வரும். எவ்வளவு பழகியும் வேறு மாதிரி வரவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம். வெளியே கேட்டால், அது அவருடைய தனி பாணி.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சை நாய்கூட மதிப்பதில்லை. அது இழுத்த இழுப்புக்குத்தான் இந்தச் சந்துக்குள்ளேயே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கதை வேறு. அவர் மடித்து முடித்ததும், "உழைச்சது போதும், போய் உக்காருங்க" என்று மனைவி இவானா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கோழிச் சாற்றில் வெந்து வருவதை மகள், மருமகன், சம்பந்தியம்மாள் எல்லாரும் வழித்துச் சாப்பிட்டு, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்.

அந்த ஒரு மரியாதையும் சந்துக்கடையில் விலைக்குக் கிடைக்கிறதென்றால் அவர் எங்கே போவார்? நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

கடைக்கார அப்பா மாவு தேய்க்க, மகள் சதுரம் வெட்ட, அம்மா நோர்மா மடித்துக்கொண்டிருந்தாள். குடும்பமே மாவில் குளித்திருந்தது.

"இந்த மடிப்பை யாரும்மா சொல்லிக்குடுத்தது?" டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த பழைய குரல் தானாக வந்தது.

"அது ஒரு வீட்டு ஆர்டர் ஐயா. எங்களோடது அந்தப் பக்கம் இருக்கு, நேரா இருக்கும்."

"எந்த வீடு?"

"வாடிக்கைக்காரங்க பேரைச் சொல்றதில்லைங்க."

சொல்லவே வேண்டாம். சம்பந்தியம்மாள்தான். அவர் மடிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாயிலிருந்து ஒன்றைக் கைக்குட்டைக்குள் தள்ளியதை அவர் கண்ணால் பார்த்தார். மாதிரி எடுத்திருக்கிறாள், கைகாரி.

தட்டிலிருந்து பச்சையாகவே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அதே ஞாயிற்றுக்கிழமை ருசி, ஒரு இம்மி குறையவில்லை.

"மடிப்பு மட்டுமில்ல, பூரணமும் என்னுது. நான் யாரு தெரியுமா? ஒத்தாவியோ பெர்கோன்சி. எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாருங்க, என் கைப்பக்குவம் என்னன்னு."

அப்பாவின் குழவி நின்றுவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"பேரு தெரியாம நான் இங்கேருந்து நகர மாட்டேன். அந்தம்மா என்ன சொல்லி ஆர்டர் குடுத்துச்சு?"

நோர்மா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் ஐயா, நீங்க மடிச்சதுல ஒண்ணைக் கொண்டாந்து காட்டி, 'வாரா வாரம் இதே கோணல்ல வேணும், இல்லாட்டி மாத்தி வேகவெக்கிறதை அவர் கண்டுபிடிச்சிடுவார்'னு சொன்னாங்க."