காதில் விழுந்ததா?

அந்தக் கூட்ட அறையில், அவள் தோற்றுப்போக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவர் அவளுடைய கணவர்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அவள், ஆபரேஷனுக்காக மழித்து இன்னும் முடி சரியாக வளராத தலையில் துணி சுற்றிக்கொண்டு, கைத்தடியை மடியில் வைத்திருந்தாள். கணவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்.

அவள் மூளை விஞ்ஞானி. நினைவு தப்பி, மூச்சுக்கும் மெஷினை நம்பிக் கிடக்கிறவர்களில் பலருக்குக் காது கேட்கிறது, பேசுவது புரியவும் செய்கிறது என்பது அவள் வாதம். நோயாளியின் தலைமாட்டில் நின்று கண்டதையும் பேசாதீர்கள், அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். தலையில் ஒயர் ஒட்டி அவள் பிடித்துக்காட்டிய சின்னச் சின்ன அலைகளை, மெஷினின் இரைச்சல் என்று ஒதுக்கித் தள்ளினார்கள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். உங்கள் வீட்டம்மா பிணத்தோடு பேசுகிறார்களாமே என்று கடைக்கு வருகிறவர்கள் கிண்டலடித்தால், அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். சிரிக்காவிட்டால் தன்னையும் அவளோடு சேர்த்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

போன மழைக்காலத்தில் ஆய்வுக்கூடப் படியில் வழுக்கி விழுந்தாள். மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் முடிந்தும் கண் திறக்கவில்லை; மூச்சுக்கும் மெஷின்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கணவரைத் தவிர யாரையும் விடவில்லை.

அவளிடம் உதவியாளராக இருந்த பெண் வாசலில் நின்று கெஞ்சினாள். உள்ளே போய் மேடத்திடம் ஏதாவது பேசுங்கள் சார், அவங்க ஆராய்ச்சியே அதுதானே என்றாள். அவருக்கு வாய் வரவில்லை. நர்ஸ்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஒரு சாயங்காலம், டியூட்டி டாக்டர் தனியாகப் பேச அவரை வெளியே கூப்பிட்டார். அலைந்து அலுத்துப்போயிருந்த மனுஷர் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"இங்கேயே சொல்லுங்க டாக்டர். இவளுக்கு என்ன கேக்கவா போகுது?"

இனித் தேறுவது கஷ்டம் என்றார் டாக்டர். அப்படியானால் மெஷினை நிறுத்திவிடுங்கள் என்றார் கணவர். அதோடு விட்டிருக்கலாம்.

"நல்லா இருந்தப்பவே இவ எனக்குன்னு இருந்ததில்ல. இனிமே இவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் வந்து பார்க்காமல் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வருவதற்குள் அவள் கண் விழித்துவிட்டாள்.

அன்றிலிருந்து கணவரால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஸ்பூனால் ஊட்டும்போதுகூட அவள் கழுத்தைத்தான் பார்த்தார். அவளாக எதுவும் சொல்லவில்லை. அவராகக் கேட்கத் தைரியமும் இல்லை.

இப்போது கூட்ட அறையில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். படுத்திருந்தபோது காதில் விழுந்ததை அவள் சொல்லட்டும். அந்த வார்டில் வேலை பார்த்த டாக்டர் இதோ இருக்கிறார், சரியா தப்பா என்று அவர் சொல்வார். ஊசி, மருந்து என்று எந்த ஆஸ்பத்திரியிலும் பேசுகிற பேச்சு கணக்கில் வராது. ஒத்துப்போனால், பெரிய ஆஸ்பத்திரிகளில் அவள் சோதனை நடத்த அனுமதி உண்டு. இல்லையென்றால் இந்த ஆராய்ச்சி இத்தோடு முடிந்தது.

டியூட்டி டாக்டர் கடைசி வரிசையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கணவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே பூமிக்குள் புதைந்துவிட்டால் தேவலை போலிருந்தது.

"சொல்லுங்கம்மா. ஏதாவது கேட்டுச்சா?" என்றார் தலைவர்.

சாப்பிடலாமா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்கிறவள் அவள். இந்த முறை யோசிக்கவே இல்லை.

"இல்ல சார். ஒண்ணுமே கேக்கல."

உதவியாளர் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தலைவர் கேலி செய்யவில்லை. தன் வாதத்துக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல ஒரு நேர்மை வேண்டும் என்று பாராட்டிவிட்டு, கூட்டத்தை முடித்துக்கொண்டார்.

கணவருக்கு நெஞ்சிலிருந்து பாறையைப் புரட்டிப்போட்டது போலிருந்தது. மறு நொடியே உடம்பெல்லாம் கூசியது. பெண்டாட்டியின் இத்தனை வருஷ உழைப்பும் மண்ணாய்ப் போனதில் நிம்மதிப்படுகிற மனுஷன் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும் இறங்கினார்கள். ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டும். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விடு, மனசுல வச்சுக்காதே. ஒரு வார்த்தையாவது உனக்குக் கேட்டிருந்தா, இன்னிக்கு நீதான் ஜெயிச்சிருப்ப."

அவள் கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சுன்னு சொன்னா, கேட்டதையும் சொல்லணுமேங்க."