திரும்பி வந்த சொல்

"மறுபடியும் அதே சொல்லா, அக்கா?" கதவைத் திறந்ததும் அவள் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? எடிட்டர் அம்மா கொடுத்தாங்க, கொண்டுவந்தேன்" என்றபடி, அலுவலகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி அது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. பொருள், சொல் பிறந்த கதை, எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் என்று மூன்றையும் எழுதித் தர வேண்டும். பிரசவத்துக்கு முன்பு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே நாளில் நாற்பது அட்டை எழுதியவள் அவள். இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறாள். பத்து நாளாக ஒரே சொல். தினம் ஒரு புது அட்டை, மேலே சிவப்பு மையில் ஒரு கேள்வி.

'சூஸ்'. தேர்ந்தெடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

முதல் அட்டையில் என்ன எழுதினாள் என்று அவளுக்கு நினைவில்லை. 'பொருள் போதாது' என்று வந்தது. பொறுக்கு, தெரிவு செய், விரும்பி எடு என்று சேர்த்தாள். மறுநாள், 'வேர் எங்கே?' அதற்கு மறுநாள், 'இதற்கும் முந்தைய வேர்?' கான்வென்ட்டில் மதர் பரிசாகக் கொடுத்த தடிப் புத்தகத்தைத் தொட்டில் பக்கத்தில் விரித்துவைத்துத் தேடினாள். ஆதியில் அந்தச் சொல்லுக்கும் ருசி பார்ப்பதற்கும் ஒரே வேராம். வாயில் வைத்துப் பார்த்து, பிடித்தால் எடுத்துக்கொள்வது.

படித்ததும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அவள் ருசி பார்த்துவிட்டா தேர்ந்தெடுத்தாள்?

கல்யாணத்தன்று அம்மா சொன்னது ஒன்றுதான். "நீயா தேர்ந்தெடுத்தது. நல்லதோ கெட்டதோ, எங்ககிட்டக் கொண்டு வராதே."

குழந்தை பிறந்த சேதி போயும் அங்கிருந்து ஒரு பேச்சில்லை. கணவனுக்கு வேலை வேறு ஊரில். சனிக்கிழமை வருவான், ஞாயிறு போவான். மிச்ச நாளெல்லாம் அவளும் குழந்தையும்தான். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வைப்பாள். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, ஏன் முகம் வாடியிருக்கு என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐயோ பாவம் என்று யாரும் பார்ப்பது அவளுக்கு ஆகாது.

அட்டைகள்தான் அவளுக்கென்று மிச்சம். அதுவும் கைவிட்டுப் போனால்?

பைண்டர் அக்கா வழக்கம்போலக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எழுதினதும் கையோட வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீ நிதானமா எழுது."

கையோடாம். மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு கட்டு தபாலில் போகிறது. அவளுக்கு மட்டும் காவல். பிள்ளை பெற்றதும் மூளை மழுங்கிவிட்டது என்று அந்த எடிட்டர் அம்மா முடிவுகட்டிவிட்டார். ஈவிரக்கமில்லாத மனுஷி.

அவள் எழுதி முடிப்பதற்குள் அக்கா குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, பால் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டு, அவள் சாப்பிட்டு எழும்வரை உட்கார்ந்திருந்தார். அது எதுவும் அவள் மனசில் ஏறவில்லை. சிவப்பு மைதான் கண்ணிலேயே நின்றது.

பதினோராம் நாள் காலையில் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளே அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வேலையை விட்டு நிறுத்துவதானால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.

எடிட்டர் அறைக்குப் போகும் வழியில்தான் பைண்டிங் கூடம். மடித்த தாள்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் தாளில் தற்செயலாகக் கண் விழுந்தது.

'சூஸ்' அச்சாகியிருந்தது. பொருள், வேர், ருசி பார்க்கும் கதை, எல்லாம் அவள் எழுதியபடியே.

"இது எப்போக்கா அச்சாச்சு?"

பசை தடவிக்கொண்டிருந்த அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "போன திங்கக்கிழமை. எதுவானாலும் அம்மாகிட்டயே கேளு. குழந்தையை இப்படிக் கொடு."

எடிட்டர் அம்மா தலை நிமிரவில்லை. பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"அச்சான சொல்லை எதுக்கு மேடம் திரும்பத் திரும்ப அனுப்புறீங்க? எனக்கு எழுத வரலைன்னா சொல்லிடுங்க."

பேனா நின்றது.

"சும்மா ஆள் அனுப்பினா நீ கதவைத் திறப்பியா?"

எடிட்டர் அம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அந்த முதல் அட்டை. தூங்காத கண்ணோடு, மடியில் குழந்தை வீறிட, என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிக் கொடுத்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கான இடத்தில் அவள் கையெழுத்து கோணலாக ஓடியிருந்தது.

'எதையாவது தேர்ந்தெடுக்கச் சொன்னால், தினம் யாராவது ஒருவர் என் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்பேன்.'

அதன் கீழே சிவப்பு மையில்: 'வாக்கியம் அச்சுக்கு வேண்டாம். நாளை முதல் தட்டவும்.'