முதுகு காட்டியவர்கள்

ஓநாய்கள் மலைக்கு வந்து முள்ளம்பன்றிகளை உடனே கிளம்பச் சொல்லின.

"பாலைவனத்துப் பக்கம் நல்ல இடமாப் பார்த்து வெச்சிருக்கோம். வழித்துணைக்கு நாங்களே வர்றோம்" என்றது பெரிய ஓநாய்.

"பக்கத்து மலைக்காரங்களையும் இப்படித்தானே கூட்டிட்டுப் போனீங்க? ஒருத்தரும் திரும்பலையே" என்றது ஒரு தாய் முள்ளம்பன்றி.

"இடம் பிடிச்சுப் போயிருக்கும்."

"அவங்க முள்ளு மட்டும் ஆத்துல மிதந்து வந்துச்சு."

ஓநாய் பல்லைக் காட்டியது. முள்ளம்பன்றிகள் குட்டிகளை நடுவில் விட்டு, சுற்றிலும் நெருக்கி நின்று, ஓநாய்களுக்கு முதுகைக் காட்டின.

"முதுகு காட்டிட்டானுங்க, கோழைப் பசங்க! பாயுங்கடா!" என்று கத்திக்கொண்டு பெரிய ஓநாய்தான் முதலில் பாய்ந்தது. முள்ளம்பன்றி சண்டைக்கு நிற்பதே அப்படித்தான் என்று அதற்குத் தெரியாது. பக்கத்து மலையில் யாரும் அப்படி நிற்கவில்லை. சொன்னதை நம்பி வரிசையாக நடந்திருந்தார்கள்.

முள்ளம்பன்றிகளிலும் பல செத்தன. ஆனால் ஓநாய்கள்தான் மலையை விட்டு இறங்கின.

பிறகு காட்டில் யார் கேட்டாலும் பெரிய ஓநாய் ஒரே பதில்தான் சொன்னது: "பக்கத்து மலையா? அங்கே முள்ளம்பன்றியே இருந்ததில்லையே."

அதன் கீழுதட்டில் குத்தி நின்ற முள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடியது.