குயில் கூவினால்

வீட்டுக் கடன் பேச்சு பிஞ்சு மனதைக் கெடுக்கக் கூடாது என்று, பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளின் காதிலும் பொட்டளவே உள்ள ஒரு கருவியை மாட்டிவிட்டிருந்தார்கள். தவணை, வட்டி, அடகு என்று பெரியவர்கள் பேச்செடுத்தாலே பிள்ளைகளுக்குக் குயில் கூவுவது மட்டும்தான் கேட்கும். அருள்தாஸுக்கு அதில் பெரிய நிம்மதி. ஏழு வயது மகள் ரெபேக்கா எதிரே உட்கார்ந்து சாப்பிட, அவனும் மனைவியும் தாராளமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப என்னம்மா கேக்குது?" என்று ஆவலாக விசாரிப்பான்.

"குயிலுப்பா" என்பாள், அவன் முகத்தையே பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். ஐஸ்கிரீம் வண்டியைப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ரெபேக்காவும் அடம்பிடித்து முன்னால் போய்க் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வேப்பமரத்தில் நிஜக் குயில் ஒன்று கூவியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா."

"ஏம்மா, நீதானே கேட்ட?"

"இப்ப பசிக்கல."

அருள்தாஸ் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தான். வண்டியருகே ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாரும் விலகி நின்று, அவரவர் அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.