சனிக்கிழமைப் பழுது

சனிக்கிழமை வந்தால் போதும், அந்த மாடி வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய்விடும். போன வாரம் அலமாரிக் கதவு. அதற்கு முந்தின வாரம் சுவிட்ச். இந்த வாரம் ஜன்னல் கொக்கி.

"ஓனர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். சாயங்காலம் வருவார்" என்றான் கணவன், சட்டையை மாட்டிக்கொண்டே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கொக்கிக்கு அந்த வயசானவரை மாடி ஏற வைக்கணுமா? நீங்க மூக்குக் கண்ணாடிக் கடையிலதானே இருக்கீங்க? நாள் முழுக்க ஸ்க்ரூதானே முடுக்கறீங்க?"

"அது மூக்குக்கு, இது ஜன்னலுக்கு. வாடகை வாங்கறாங்க இல்ல? பழுது பாக்கட்டும்."

"அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுது. தொட்டதுக்கெல்லாம் போன் பண்ணிட்டே இருந்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. பாப்பாவோட ஸ்கூல் அடுத்த தெருவுல. இப்படி ஒரு வீடு எங்கே போய்த் தேடறது?"

அவன் சிரித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டான். எப்பவும் இதே கதைதான். போன் பண்ணுகிறவன் அவன். வந்தவருக்கு முகம் கொடுக்கிறவள் அவள்.

பெரியவர் கீழ்வீட்டில் மகனோடு இருந்தார். மனைவி உயிரோடு இருந்தவரை அவர் குடித்தனம் நடத்தியது இந்த மாடியில்தான். இவர்கள் குடிவந்த புதிதில் ஒரு நாள், அவள் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், மனுஷர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது. நேரே கீழே போய் மகனிடம் சொல்லிவிட்டாள்.

மகன் நியாயஸ்தன். அப்பாவிடம் இருந்த சாவியை வாங்கி அவள் கையிலேயே கொடுத்தான்.

"நம்ம மாநிலச் சட்டமே அதான்ப்பா. வாடகைக்கு விட்டாச்சுன்னா அது அவங்க வீடு. பழுது பாக்கணும்னாதான் உள்ளே போகலாம். அதுவும் முதல் நாளே எழுதித் தெரிவிச்சிட்டுப் போகணும்."

 அன்றிலிருந்து காரணம் இல்லாமல் பெரியவர் மாடிப்படியில் கால் வைத்ததில்லை. நேற்றும் முறையாகப் போனில் செய்தி வந்திருந்தது. 'நாளை மாலை பழுது பார்க்க வருகிறேன்.'

வந்தார். "வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், நாலு சுற்று சுற்றினார், கொக்கி நின்றுவிட்டது.

"கொஞ்சம் உக்காந்து பாக்கறேன். காத்துக்குத் தாங்குதான்னு தெரியணும் இல்ல?"

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெயில் இறங்கி மஞ்சளாகியிருந்தது. திரை மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. எங்கேயோ ஒரு ரயில் போகிற சத்தம் வந்து கரைந்தது. பெரியவரின் கண் தெருவில் இருந்தது, பார்வை அங்கே இல்லை. பக்கத்தில் யாரோ மெதுவாக ஏதோ சொன்ன மாதிரி தலையை லேசாகத் திருப்பினார். கேட்டுக்கொண்டார். தானாகச் சிரித்துக்கொண்டார்.

அவள் டீ கொண்டுவந்து வைத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. சமையலறைக்குத் திரும்பியபோது, இது தன் வீடுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரோ ஒரு அம்மா இப்போதுதான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் போன மாதிரி இருந்தது. பயமாக இல்லை. அன்றைக்குச் சாவியைப் பிடுங்க வைத்தோமே என்றுதான் மனசு வலித்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மகன் வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொக்கி, பூட்டு, சுவிட்ச் மாதிரி சின்னப் பழுதெல்லாம் குடியிருக்கறவங்கதான் பாத்துக்கணும். அதே சட்டத்துல அதுவும் இருக்கு. வாரா வாரம் எங்கப்பாவை மாடி ஏற வெச்சா எப்படி? அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்க வேண்டாம்னு பாக்கறேன்."

 அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் கடைக்குப் போயிருக்கிற அந்த மகராசன் பண்ணின வேலை.

"இனிமே கூப்பிட மாட்டோம் தம்பி. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். இந்த ஒரு தடவை..."

"அந்தச் சட்டத்துல இன்னும் என்ன போட்டிருக்கு?"

ஜன்னலோரம் இருந்து பெரியவர்தான் கேட்டார். முகத்தைத் திருப்பவே இல்லை.

"என்னப்பா?"

"ரெண்டு தரப்பும் வேற மாதிரி பேசி எழுதிக்கிட்டா?"

மகன் யோசித்தான். "அப்ப எழுதிக்கிட்டதுதான் செல்லும்."

"சரி, எழுது. சின்னப் பழுதும் ஓனர் பொறுப்புன்னு எழுது. வீடு என் பேர்ல இருக்கு, கையெழுத்து நான் போடறேன்."

"ஏம்ப்பா, முட்டிவலியை வெச்சுக்கிட்டு..."

"முட்டி என்னுது. நீ எழுதுடா."

மகன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக இறங்கிப் போனான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்கய்யா. இவர் இவ்வளவு தொல்லை கொடுத்தும் நீங்க..."

பெரியவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பெட்டியை மூடினார். வாசல்வரை போனவர், கீழே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, கொக்கியைக் கழட்டி வெச்சா சட்டுனு வேலை முடிஞ்சிடுது. அடுத்த வாரம் குழாயைக் கழட்டி வெக்கச் சொல்லு."