கோடிட்ட இடம்

"நாளைக்குப் பரீட்சை, மிஸ். கோடிட்ட இடத்தை நிரப்ப வழி சொல்லுங்க" என்றான், மகளுக்காகக் கேட்பதாகச் சொல்லி வந்திருந்த டுவைட்.

நெவார்க்கில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ரோஸலிண்ட் சிரித்தாள். "கடைசி நாள்ல வந்து கேட்டா எப்படி? உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, விடைகளை முதல்ல கையால மறைச்சிடணும். 'ஆனால்', 'அதனால்' எங்கே இருக்குன்னு பார்க்கணும். அதுக்கப்புறம் வர்றதைப் படிச்சா, கோட்டுல என்ன வரும்னு தானா தெரிஞ்சிடும்."

"இதைப் போட்டுக் காட்டுங்க." ஒரு தாளை நீட்டினான்.

விடைகளைக் கையால் மறைத்தபடி வாசித்தாள். "அன்று சுட்டவனை நான் ______. அதனால் என் மகள் கொரின் பள்ளிப் பேருந்திலிருந்து பத்திரமாக இறங்கினாள்."

கொரின் ரோஸலிண்டின் மகள்.

"கையை எடுங்க மிஸ், ரெண்டே விடைதான். பார்த்தேன், பார்க்கவில்லை."

"பரீட்சை... உங்க பொண்ணுக்குத்தானே?"

"எனக்குப் பொண்ணே கிடையாது, மிஸ். பரீட்சை உங்களுக்குத்தான். காலையில பத்து மணிக்கு, கோர்ட்டுல."