மன்னிப்புக் கேட்ட நாயகன்

பழைய படங்களை அலசும் அந்த நிகழ்ச்சியில் கைதட்டல் அடங்கவே இல்லை. திரையில், பேருந்து நிலையத்தில் தன்னை மறுத்த நாயகியிடம் நாயகன் கைகூப்பி, "மன்னிச்சிடுங்க, இனிமே உங்க வழிக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மேடையில் இருந்த வசுந்தராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாயகி அவள்தான். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

"அந்தக் காலத்துலயே எவ்வளவு கண்ணியமான டைரக்டர் பாருங்க!" என்றான் தொகுப்பாளன் நிகிதன். விட்டால் சிலையே வைத்திருப்பான். "நீங்க குடுத்து வச்சவங்க மேடம்."

"கண்ணியமா? அந்த இடத்துல ஹீரோ என்னை அறைவான் தம்பி. நிஜமாவே அறைஞ்சான். ஷாட் சரியா வரலைன்னு அந்த டைரக்டர் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னான்."

நிகிதன் நெளிந்தான். "படத்துல அப்படி எதுவும் இல்லையே மேடம்?"

"எப்படி இருக்கும்? பழைய படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி திருத்திட்டு, பழைய பிரதியை அழிச்சுட்டீங்க. அந்த டைரக்டர் உத்தமனாயிட்டான். நான் பொய்க்காரியா?"

"பாவம், வயசாயிடுச்சு. ஏதோ குழப்பம்" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

வசுந்தரா இடது காதிலிருந்த காது மெஷினைக் கழற்றி மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"அன்னிக்கு வாங்கின அறையில போன காது இது. படத்தைத் திருத்தினீங்கல்ல? இதையும் திருத்திக் குடுங்க."